நீதிமன்றத் திரைக்கதையும் பிளாச்சிமடை வழக்கும்

வழக்கொன்றைக் கதையாக்கும் கலை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து வழக்குரை காதை குற்றச்சாட்டு, சான்று, தீர்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே அவையில் முடித்துவிடுகிறது. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம். சிலம்பு உடைந்தபின் ஐயத்திற்கு இடமில்லை. பிழை செய்தவன் எதிரிலேயே அமர்ந்திருக்கிறான்; பிழையை உணர்ந்த கணத்தில் வீழ்கிறான். இன்றைய நீதிமன்றப் பரபரப்புப் படங்களும் இவ்வமைப்பை நம்பியே இயங்குகின்றன. பெருநிறுவனம் ஒன்று நீரையும் மண்ணையும் கெடுத்த வழக்கு இவ்வமைப்புக்குள் அடங்குமா என்பதைப் பாலக்காட்டு எல்லையிலுள்ள பிளாச்சிமடையை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இவ்வகைப் படங்களுள் பலரும் அறிந்தது ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'எரின் பிராக்கோவிச்' (2000). கலிபோர்னியாவின் ஹிங்க்லி என்னும் சிற்றூரில் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த வழக்கு அது. 1996இல் 33 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் முடிந்தது. சட்டம் பயிலாத ஒரு பெண் கோப்புகளுக்கிடையே தேடிக் கண்டெடுக்கும் ஆவணமே அங்குச் சிலம்பின் இடத்தைப் பெறுகிறது. டாட் ஹெய்ன்ஸின் 'டார்க் வாட்டர்ஸ்' (2019) இதனினும் நேர்மையானது. டூபாண்ட் நிறுவனத்தை எதிர்த்த வழக்கறிஞர் படத்தில் மெல்ல மூப்படைகிறார். வெற்றி ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. எனினும் இரண்டிலும் கதையைத் தாங்குபவர் ஒரு தனிமனிதரே. அவர் கண்டெடுக்கும் தாளே உண்மை.

'எரின் பிராக்கோவிச்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த அதே 2000 மார்ச்சில்தான் சித்தூர் வட்டம் பெருமாட்டி ஊராட்சிக்குட்பட்ட பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பொள்ளாச்சிக்கு மேற்கே, இரு மாநில மொழிகளும் ஒரே தெருவில் புழங்கும் மழைமறைவு நிலம் இது. ஆலையைச் சுற்றி வாழ்ந்தோருள் எரவாளர், மலசர் முதலிய பழங்குடியினர் மிகுதி. கிணற்று நீரின் சுவை மாறியது. சோறு பக்குவமாக வேகவில்லை. குளித்தால் உடல் அரித்தது. இதனை முதலில் உணர்ந்து சொன்னவர்கள் அடுப்படியிலிருந்த பெண்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலுக்கு எதிரே தொடங்கிய அறப்போராட்டத்தின் முகமாக விளங்கிய மயிலம்மா எரவாளர் இனத்தவர், பள்ளிப்படிப்பு இல்லாதவர். ஆலைக்கழிவு உரமென உழவர்களுக்கு வழங்கப்பட்டது. அதில் காட்மியமும் காரீயமும் இருப்பதை 2003இல் பி.பி.சி. வானொலி வெளிப்படுத்தியது. திரைக்கதை ஆசிரியர் ஒருவர் இங்கே தம் சிலம்பைக் கண்டுகொள்வார். பிளாச்சிமடையிலோ பெண்கள் குடத்தை முன்வைத்துச் சொன்னதை ஆய்வகம் பின்னர் வழிமொழிந்தது என்பதே சரி.

வழக்கின் போக்கு இன்னும் சிக்கலானது. ஆலைக்கு உரிமம் கொடுத்ததும் பெருமாட்டி ஊராட்சியே; 2003 ஏப்ரலில் அதனைப் புதுப்பிக்க மறுத்ததும் அதே ஊராட்சியே. கறையற்ற நாயகனைத் தேடும் திரைக்கதைக்கு இத்தகைய வழக்காடி ஒத்துவருவதில்லை. 2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர்நீதிமன்ற நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுமக்களின் செல்வம், அரசு அதன் அறங்காவலர் மட்டுமே எனத் தீர்ப்பளித்தார். படமாயின் இவ்விடத்தில் இசை உயர்ந்து திரை இறங்கியிருக்கும். ஆனால் 2005 ஏப்ரல் 7 அன்று இருவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, நிலவுடைமையாளர் என்ற முறையில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க நிறுவனத்துக்கு இசைவளித்தது. ஆலையோ 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. முதல் தீர்ப்பில் வென்றவர்கள் மேல்முறையீட்டில் தோற்றனர். தோற்றபின்னும் ஆலை ஓடவில்லை. இம்முரணே பிளாச்சிமடையின் கதை. தீர்ப்பை முடிவாகக் கொள்ளும் எந்த வடிவமும் இதனைச் சொல்லத் திணறும்.

தமிழ்த் திரைப்படத்தில் இவ்வகை முயற்சியாகக் கருதத்தக்கது ஏ. ஆர். முருகதாஸின் 'கத்தி' (2014). குளிர்பான நிறுவனம் ஒன்று நெல்லைச் சீமைச் சிற்றூரொன்றின் நிலத்தையும் நீரையும் கவர்வதே அதன் கரு. பிளாச்சிமடையை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆயினும் பார்வையாளர் நினைவில் பிளாச்சிமடை எழாமலிருப்பது அரிது. மக்களுக்காகப் போராடும் கற்ற இளைஞன் சிறையில் கிடக்க, அவன் உருவத்தையொத்த திருடன் ஊருக்கு நீதி பெற்றுத் தருகிறான். சட்டத்தின் வழி நடப்பவனால் முடியாததைத் தந்திரம் அறிந்தவன் முடிக்கிறான் என்னும் இவ்விரட்டை வேட அமைப்பு கூர்மையான விமர்சனம். இதனை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தோன்றவில்லை. நகருக்குச் செல்லும் குடிநீர்க் குழாய்க்குள் முதியவர்கள் அமர்ந்து நீரை மறிக்கும் பகுதி, சிற்றூரின் தாகத்தை நகரம் தன் நாவில் உணரச் செய்கிறது. குறை, அதன் பின் வருகிறது. செய்தியாளர் முன் நாயகன் ஒருவனே முழங்குகிறான். ஊர்மக்கள் கேட்போராகச் சுருங்குகின்றனர். இறுதியில் தீர்ப்பு வந்து அனைத்தையும் மூடிவிடுகிறது. பிளாச்சிமடையில் பேசியது மயிலம்மா. வழக்கறிஞர்களும் அறிஞர்களும் பின்னர் வந்து சேர்ந்தனர். இவ்வரிசையைத் தலைகீழாக்காமல் ஒரு வணிகப்படம் எடுப்பது இயலாது என்று கூறிவிட முடியாது. இதுவரை எடுக்கப்படவில்லை எனலாம்.

அவ்வரிசையைக் காத்தவை பி. பாபுராஜும் சி. சரத்சந்திரனும் இணைந்து எடுத்த ஆவணப்படங்கள். 2003இல் வந்த முதல் படத்தின் பெயர் 'கைப்புநீர்'. கைப்பு என்னும் சொல் பழந்தமிழ் வழக்கிலும் கசப்பையே குறிக்கும். அப்பெயரை விளங்கிக்கொள்ள எல்லைக்கு இப்பாலுள்ளோர்க்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. 2006இல் வந்த இரண்டாம் படம் '1000 நாட்களும் ஒரு கனவும்' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. தலைப்பிலேயே விமர்சனம் உள்ளது. நீதிமன்றப் படம் தீர்ப்பு நாளை நோக்கி விரைகிறது. இது போராட்டப் பந்தலின் நாட்களை எண்ணுகிறது. 2005 ஜனவரியில் நிறைவுற்ற அந்த ஆயிரமாவது நாள் எந்த நீதிமன்றக் குறிப்பேட்டிலும் சிறப்புடைய நாளன்று. பந்தலில் அமர்ந்திருந்தோர்க்கு மட்டுமே அது நாள். இவ்விரண்டும் கலையழகில் சோடர்பெர்க்கின் படத்தோடு போட்டியிடுவன அல்ல; பரப்புரையின் சாயல் அவற்றில் உண்டு. ஆயினும் காலத்தை அளக்கும் கோலை யார் கையில் தருவது என்பதில் அவை தவறவில்லை.

படங்கள் முடிந்தபின்னும் வழக்கு முடியவில்லை. மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார். சரத்சந்திரன் 2010 மார்ச்சில் ஓடும் தொடர்வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். அதே மாதத்தில் கேரள அரசின் உயர்நிலைக் குழு, ஊராருக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டைப் பெற்றுத்தரத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் சட்டமுன்வடிவைக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் இசைவு அதற்குக் கிடைக்கவில்லை. 2017 ஜூலையில், பிளாச்சிமடையில் மீண்டும் உற்பத்தி செய்யும் எண்ணமில்லை என நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நிலத்தடி நீர் யாருக்குரியது என்னும் வினாவுக்கு விடை கூறாமலே வழக்கு முடித்துவைக்கப்பட்டது.