மஞ்சள் உடுத்த ஆக்ரா
நஸீர் அக்பராபாதியின் வசந்தகாலக் கவிதைகள் குறித்து

உருதுக் கவிஞர்களின் வரலாறும் தேர்ந்தெடுத்த பாக்களும் அடங்கிய தொகை நூல்களைத் தத்கிரா என்பர். முஸ்தபா கான் ஷேஃப்தா 1830களில் எழுதிய ‘குல்ஷனே பேகார்’ அவ்வகையில் பெருமதிப்புப் பெற்றது. அந்நூலில் நஸீர் அக்பராபாதிக்குக் கிடைத்த இடமும் சிறிது, மதிப்பும் சிறிது. இவருடைய பாக்களிற் பல கடைத்தெரு மக்களின் நாவில் வழங்குபவை. ஆகவே இவரைக் கவிஞர் வரிசையில் வைத்து எண்ணுதல் தகாது என்பது ஷேஃப்தா வழங்கிய தீர்ப்பின் சாரம். அரை நூற்றாண்டு கழித்து, 1880இல், முகம்மது ஹுசைன் ஆஸாத் தம்முடைய புகழ்பெற்ற ‘ஆபே ஹயாத்’தை வெளியிட்டபோது நஸீருக்கு அதில் ஓர் இயல்கூட ஒதுக்கவில்லை. கண்டனத்தைவிட மௌனம் கொடிது. தொண்ணூறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, ஒரு நகரத்தின் பேச்சையும் பண்டங்களையும் பருவங்களையும் பாட்டில் ஏற்றிய ஒருவர், அந்நகரத்தின் மொழியைக் குறித்து எழுதப்பட்ட வரலாற்றிலேயே இடமின்றிப் போனார்.

வலீ முகம்மது என்பது நஸீரின் இயற்பெயர். பிறந்தது டெல்லியில், 1735 என்பது பலரும் கூறும் ஆண்டு. அஹ்மத் ஷா அப்தாலியின் படையெடுப்புகளால் டெல்லி நிலைகுலைந்த காலத்தில் தாயுடனும் பாட்டியுடனும் ஆக்ராவிற்குக் குடிபெயர்ந்தார். அக்பராபாத் என்பது ஆக்ராவின் பழைய பெயர். அதையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார். அரசவைகள் அழைத்தும் ஆக்ராவை விட்டுப் பெயர மறுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1830இல் அங்கேயே மறைந்தார்.

இவருடைய வசந்தப் பாடல்களை அணுகுமுன் பருவத்தைப் பற்றிச் சிறிது தெளிவு வேண்டும். தமிழர்க்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அதாவது வெயில் ஏறும் காலம். கங்கை, யமுனைச் சமவெளியின் வசந்தமோ மாசியை ஒட்டித் தொடங்குகிறது. எலும்பை ஊடுருவிய குளிர் தளர்கிறது. வயலெங்கும் கடுகு பூத்து நிலம் மஞ்சளாகிறது. ‘பசந்த்’ என்னும் சொல் அங்கே பருவத்தையும் குறிக்கும், பண்டிகையையும் குறிக்கும், அந்த மஞ்சள் நிறத்தையுமே குறிக்கும். சென்னையிலிருந்து இக்கவிதைகளைப் படிப்பவர் இந்த மூன்று பொருளையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொள்ளாவிடில் பாதிச் சுவையை இழப்பார்.

இன்னொன்றும் உண்டு. நம்முடைய ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவது. கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. எனவே நம் மாதங்கள் எந்தப் பருவத்திலும் நிலைகொள்வதில்லை. 33 ஆண்டுகளில் பருவங்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றன. ‘ரபீஉல் அவ்வல்’ என்ற பெயரின் பொருள் முதல் வசந்தம். ஆனால் அது கடுங்கோடையிலும் வரும், அடைமழையிலும் வரும். நீண்ட ஆயுள் பெற்ற நஸீர், ரமழான் மாதம் இப்படிப் பருவங்களைச் சுற்றி வருவதை ஏறத்தாழ மூன்று முறை கண்டிருப்பார். ஆக, முஸ்லிம் நகரவாசி ஒருவன் வசந்தத்தை வரவேற்க விரும்பினால் அவனுடைய சொந்த நாட்காட்டி அதற்குத் துணை செய்யாது. அவன் வயலைப் பார்க்க வேண்டும்; சந்தையைப் பார்க்க வேண்டும்; அண்டை வீட்டாரைப் பார்க்க வேண்டும். நஸீரின் வசந்தம் அப்படிப் பார்த்ததால் வந்தது.

டெல்லி நிஜாமுத்தீன் அவ்லியா தர்காவில் பசந்த் கொண்டாடப்படுவதற்குக் காரணமாக ஒரு வாய்மொழி மரபு சொல்லப்படும். உறவினர் தகியுத்தீன் நூஹின் மரணத்தால் துயரில் ஆழ்ந்திருந்த ஷைகை மகிழ்விக்க, கடுகுப் பூக்களுடன் சென்ற பெண்களைக் கண்ட அமீர் குஸ்ரோ தாமும் மஞ்சள் உடுத்திப் பாடி வந்தார், ஷைகின் முகத்தில் புன்னகை அரும்பியது என்பது அக்கதை. இது வரலாறா, அன்பர்களின் புனைவா என்று வழக்காடுவதில் பயனில்லை. துயரத்திலிருந்து ஒரு மனிதரை மீட்க வசந்தத்தின் நிறம் போதும் என்று ஒரு சமூகம் நம்பியது; அந்நம்பிக்கை இன்றும் ஆண்டுதோறும் அத்தர்காவில் மஞ்சள் மலர்களாகக் குவிகிறது. நஸீருக்கு முன்பே இந்தப் பாதை போடப்பட்டிருந்தது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

ஆனால் குஸ்ரோவின் வசந்தம் ஒரு குருவின் முற்றத்தில் நிகழ்வது. நஸீருடையது தெருவில் நிகழ்வது. பசந்த் குறித்து அவர் ஒன்றுக்கு மேற்பட்ட பாடல்கள் இயற்றியுள்ளார். அவற்றில் மஞ்சள் ஆடையும் பூவும் இசையும் அன்பர் கூட்டமும் மாறி மாறி வருகின்றன. பாரசீக மரபுக் கஸலில் வசந்தம் என்றால் தோட்டம், ரோஜா, புல்புல். கவிஞன் அந்தத் தோட்டத்தை நேரில் கண்டிருக்க வேண்டிய தேவையே இல்லை. முன்னோர் நூல்களில் கண்டால் போதும். நஸீர் அம்மரபை அறியாதவர் அல்லர். பாரசீகம் கற்பித்தவர்; கஸல்களும் எழுதியவர். அறிந்திருந்தும் தோட்டத்தின் கதவைத் தாண்டிக் கடைத்தெருவிற்கு வந்தார். அங்கே காற்றாடி விடுவோரும் எள்ளுருண்டை விற்போரும் கரடிக்குட்டியை ஆட்டுவிப்போரும் அவருக்குக் காத்திருந்தனர்.

வசந்தம் முதிர்ந்து வெயில் தொடங்கும் எல்லையில் சந்தைக்கு வரும் ஆக்ராவின் வெள்ளரிப்பிஞ்சைப் பற்றிய அவருடைய கவிதையை இங்கே சிறப்பாகச் சொல்ல வேண்டும். வட இந்தியாவில் கக்டி எனப்படும் அது ஒல்லியாய் நீண்டு வளைந்திருக்கும். காசுக்குச் சில கிடைக்கும் எளிய பண்டம். நஸீர் அதைப் பாடும்போது கஸலின் பெருஞ்செல்வங்களான லைலா மஜ்னூனையும் ஷீரீன் ஃபர்ஹாதையும் உவமைக்கு அழைத்துக் கூடைக்குள் இறக்கிவிடுகிறார். இதைக் கேலி என்று சிலர் கருதினர். கேலிதான்; ஆனால் கேலிக்கு இலக்காவது வெள்ளரிப்பிஞ்சு அன்று. காதலியின் விரலுக்கு உவமை தேடி ஆயிரமாண்டு அலைந்த மரபு, அந்த விரலைக் கடைசியில் கூடைக்காரனிடம் கண்டுபிடித்தது என்பதே நகை. அத்துடன், விற்பவன் பாடிக்கொண்டே விற்கத்தக்க சந்தமும் அதில் அமைந்துள்ளது. நாவால் சுவைக்கும் பொருளைப் பற்றிய பாட்டு நாவில் உருளாமல் போனால் என்ன பயன்?

இவ்விடத்தில் நம் வாசகர் சிலர்க்கு எழும் தயக்கத்தைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. பசந்த் மட்டுமன்று, ஹோலி, தீபாவளி, ராக்கி ஆகியவற்றையும், கண்ணனையும் நஸீர் பாடியிருக்கிறார். ஈத் பெருநாளையும் ஷபே பராத்தையும் பாடிய அதே கை. இதனாலேயே கடந்த நூற்றாண்டில் அவரை ‘ஒருமைப்பாட்டுக் கவிஞர்’ என்று மேடைதோறும் போற்றினர். அந்தப் போற்றுதல் எனக்கு முழு நிறைவளிப்பதில்லை. ஷேஃப்தா அவரைப் படியாமல் ஒதுக்கினார் என்றால், இவர்கள் படியாமல் ஏற்றுக்கொண்டனர். நஸீர் ஹோலியைப் பாடும்போது கோட்பாடு எதையும் நிறுவவில்லை, வழிபாட்டிலும் இறங்கவில்லை. தெருவில் வண்ணம் பறக்கிறது, மேளம் அதிர்கிறது, மக்கள் நனைகின்றனர், அதைப் பார்க்கிறார். அண்டை வீட்டாரின் மகிழ்ச்சியைக் காணக் கண் கூசாத நிலை என்று இதைச் சொல்லலாம். அகீதாவின் எல்லை எங்கே என்ற வினா ஆலிம்களுக்குரியது, அவசியமானது. அதற்கு விடை சொல்லும் பொறுப்பைக் கவிதையின் தலையில் சுமத்துவதும், விடை சொல்லவில்லை என்று கவிதையைத் தண்டிப்பதும் சரியன்று.

ஃபிக்ஹின் சொற்களுள் ‘முபாஹ்’ என்பது நம் இலக்கியச் சிந்தனையில் போதிய இடம் பெறாத ஒன்று. ஏவப்படாததும் விலக்கப்படாததுமான அந்தப் பரந்த வெளியில்தான் மனிதன் தன் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறான்: உண்கிறான், விலை பேசுகிறான், வானத்தைப் பார்க்கிறான், நண்பனோடு நடக்கிறான். இறந்த நிலம் மழையால் உயிர்பெறுவதை மறுமை எழுப்புதலுக்குச் சான்றாகத் திருக்குர்ஆன் பலவிடத்தும் எடுத்துக்காட்டுகிறது. குர்ஆனையே உள்ளத்தின் வசந்தமாக்கக் கோரும் துஆவும் நபிமொழி நூல்களில் உண்டு. வசந்தத்தைப் பார்த்தறியாதவனுக்கு அந்தச் சான்றின் வலிமையோ துஆவின் இனிமையோ எப்படி விளங்கும்?

நஸீரைப் போற்றுமிடத்தில் குறையையும் மறைக்கலாகாது. அவருடைய அடுக்குகள் சில வேளைகளில் சோர்வூட்டுகின்றன. பண்டங்களைப் பெயர் சொல்லி வரிசையாக நிறுத்துவார், பத்தியின் இறுதியில் பல்லவி வந்து சேரும், மீண்டும் வரிசை. ஐந்தாம் பத்தியில் துள்ளியது பன்னிரண்டாம் பத்தியில் இழுபடுகிறது. ஹோலிப் பாடல்கள் சிலவற்றில் கொச்சை மிகுந்து, கூட்டத்துப் பெண்கள் வெறும் வண்ணத் தெறிப்புகளாகிவிடுகின்றனர். ஷேஃப்தாவின் காதில் விழுந்தவை இவையே என்றால் அவருடைய முகச்சுளிப்பிற்கு ஓரளவு நியாயம் உண்டு. மொத்தத்தையும் அதைக்கொண்டு அளந்ததே பிழை.

மேலும், இது கவலையறியாத கவிஞனின் களிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. நஸீர் வாழ்ந்த ஆக்ரா ஷாஜஹானின் ஆக்ரா அன்று. 1761இல் ஜாட்டுகள் அதைக் கைப்பற்றினர்; பின்னர் மராட்டியர் ஆண்டனர்; 1803இல் ஆங்கிலேயர் வந்தனர். நகரின் சீரழிவைப் பாடும் ‘ஷஹர் ஆஷோப்’ என்னும் வகையில் நஸீரும் ஒரு பாடல் இயற்றினார். பிறர் அவ்வகையில் பெரும்பாலும் அரசவையின் வீழ்ச்சிக்கு அழுதனர். நஸீரோ முப்பத்தாறு தொழில்களும் முடங்கிப்போனதைச் சொல்கிறார். கடைக்காரன், கைவினைஞன் என ஒவ்வொருவரின் வெறுங்கையையும் காட்டுகிறார். வசந்தத்தில் மஞ்சள் உடுத்தி நின்றதும் இதே தெரு. வறுமையைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் அவர் எழுதியவற்றைப் படித்துவிட்டு வெள்ளரிப்பிஞ்சுப் பாட்டிற்குத் திரும்பினால், அந்தக் கூடைக்காரனுக்கு அன்றைய விற்பனை எத்துணை முக்கியம் என்பது புரியும்.

அவருடைய பாடல்களில் பெரும்புகழ் பெற்றது ‘பஞ்சாரா நாமா’. எருதுகளில் தானியமும் உப்பும் ஏற்றி ஊர் ஊராகச் சென்ற வணிகனை முன்னிறுத்தி மரணத்தை நினைவூட்டுவது. இதையும் ‘ஆத்மி நாமா’வையும் தேர்ந்தெடுப்போர், பருவப் பாடல்களை இலேசானவை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். என் கருத்து வேறு. பஞ்சாரா நாமாவிலும் கற்கண்டு, உலர்திராட்சை, சுக்கு, மிளகு, குங்குமப்பூ, இலவங்கம், பாக்கு என்று சந்தையே வரிசையில் வருகிறது. புறப்படும் நாளில் இவையெல்லாம் இங்கேயே கிடக்கும் என்பது கருத்து. கவனிக்க: முறை ஒன்றே. களிப்பிற்காக எண்ணிய அதே பண்டங்களைத்தான் பிரிவிற்காகவும் எண்ணுகிறார். மிளகின் நெடியை அறியாதவன் மிளகைத் துறந்தேன் என்று சொன்னால் அதில் துறவு எங்கே இருக்கிறது? வசந்தப் பாடல்கள் இல்லாமல் பஞ்சாரா நாமா வெறும் உபதேசமாகச் சுருங்கியிருக்கும்.

‘நாமா’ என்ற சொல் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, படைப்போர் ஆகியவற்றோடு நாமாவும் நாம் தமிழுக்குக் கொணர்ந்த இலக்கிய வகை. ‘மிகுராசு நாமா’, ‘நூறு நாமா’ என நமக்கும் நாமாக்கள் உண்டு. ஆனால் அவை விண்ணேற்றத்தையும் பேரொளியையும் பாடின. வடக்கே அதே வகைப் பெயர் சாதாரண மனிதனுக்குச் சூட்டப்பட்டது. பள்ளிவாசலைக் கட்டுபவனும் மனிதன், அங்கே ஓதுபவனும் மனிதன், வாசலில் செருப்பைத் திருடுபவனும் மனிதன், அவனைக் கண்காணிப்பவனும் மனிதன் என்று ஆத்மி நாமா விரிகிறது. நம் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடினார். அரபு நாட்டில் தமிழ் மருதத்தின் வயலையும் வாய்க்காலையும் பாய்ச்சிய அந்தக் கற்பனையின் பேரழகை யாரும் மறுக்க இயலாது. எனினும் அது காப்பிய இலக்கணத்தின் நகர். அங்கே வெள்ளரிப்பிஞ்சிற்கு விலை பேசுவார் இல்லை. கீழக்கரையும் காயல்பட்டினமும் நாகூரும் எத்துணை வளமான கடைத்தெருக்களைக் கொண்டிருந்தன! கூவி விற்றோரின் குரல்களைப் பதிவு செய்யத் தகுந்தவை என்று நம் புலவர்கள் எண்ணவில்லையா, எழுதியவற்றை நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ஷேஃப்தாவைப் போலக் கழித்துவிட்டனரா? நம் நூலகங்களில் தேடத் தொடங்குவோர் இரண்டாவது வினாவை முதலில் எடுத்துக்கொள்வது நலம் என்று தோன்றுகிறது.

நஸீருக்குத் தெருவே நீதி வழங்கியது. அவருடைய பாடல்களை ஃபக்கீர்கள் பாடித் திரிந்தனர். எஸ்.டபிள்யூ. ஃபாலன் 1879இல் வெளியிட்ட அகராதியில் மக்கள் வழக்கிற்கு இவரையே பெருஞ்சான்றாகக் கொண்டு பாராட்டினார். அந்நியருக்குச் சொல் வேண்டியிருந்தது, நம்மவருக்கு அந்தஸ்து வேண்டியிருந்தது. பின்னர் அப்துல் கஃபூர் ஷஹ்பாஸ் அவருடைய வாழ்வை ஆராய்ந்து எழுதினார். 1954இல் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் ஹபீப் தன்வீர் ‘ஆக்ரா பஜார்’ நாடகத்தை அரங்கேற்றினார். மாணவரோடு ஓக்லா கிராமத்து மக்களும் அதில் நடித்தனர். மேடையில் ஒருபுறம் புத்தகக் கடை. அங்கே கற்றோர் கூடி நஸீரை இகழ்வர். மறுபுறம் காற்றாடிக் கடை; அங்கே அவரைக் கொண்டாடுவர். நடுவே வெள்ளரிப்பிஞ்சு விற்க இயலாத ஒருவன், தன் சரக்கைப் பற்றி யாராவது ஒரு பாட்டு எழுதித் தரமாட்டாரா என்று கவிஞர்களிடம் கெஞ்சி அலைகிறான். இறுதியில் நஸீரிடம் பெற்றுவந்து பாட, கூடை காலியாகிறது. கவிஞரோ நாடகம் முழுவதிலும் ஒரு முறையேனும் மேடைக்கு வருவதில்லை. அவர் ஆக்ராவின் தாஜ்கஞ்சில் அடக்கமாகியுள்ளார். பசந்த் நாளில் அன்பர்கள் அந்த அடக்கத்தலத்தில் கூடி அவருடைய பாடல்களைப் பாடுவது வழக்கம்.