மூன்று மாதப் பயிற்சியும் அதற்குப் பிந்தைய ஆறு மாதமும்

‘மூன்றே மாதத்தில் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்’ என்ற விளம்பரம் இன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் இருக்கும் கல்லூரி மாணவர்களின் செல்போனுக்கு வந்துவிடுகிறது. பி.காம். முடித்தவரா, கணிதம் படித்தவரா, பிளஸ் டூவோடு நின்றவரா என்று கோடிங் பூட் கேம்ப் பார்ப்பதில்லை. பல முகாம்களின் கட்டணம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. மழையை நம்பிப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு அது அடகுக்குப் போகும் நகை, அல்லது ஒரு வருடச் சேமிப்பு. அதனால் இந்தப் பயிற்சி தகுமா என்ற கேள்வியைப் புதுக்கோட்டையில் கொஞ்சம் கறாராகவே கேட்க வேண்டியிருக்கிறது.

குறுகிய காலப் பயிற்சி இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழுத் துணையாக நின்றார். சுமார் 13 லட்சம் பேர் வாழ்ந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். குவாரித் தொழிலாளிகள், வயல்வேலை செய்தவர்கள், கல் பட்டை தீட்டியவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எனப் பலரும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

அந்தப் பயிற்சி ஏன் நிலைத்தது? கற்றுக்கொண்ட மறுநாளே அதற்கு வேலை இருந்தது. தண்ணீர் எடுக்கப் போக வேண்டும், விளைந்ததை விற்கப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். எழுத்தறிவுக்கு அப்படி இல்லை. தொடர்ந்து வாசிக்க எதுவும் கிடைக்காத இடத்தில் கற்ற எழுத்து மறந்துபோகும் என்பது நாடெங்கும் எழுத்தறிவு இயக்கங்களின் பெருங்கவலையாக இருந்தது. அதற்காகவே தொடர்கல்வி என்று தனித் திட்டம் தேவைப்பட்டது. கோடிங் முகாமை எடைபோட இந்த அனுபவம் போதும்: பயிற்சி முடிந்த மறுநாள் அந்தத் திறமைக்கு என்ன வேலை காத்திருக்கிறது?

முகாம்களின் பலத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. தமிழ்வழியில் படித்து வந்த மாணவி முதன்முதலாக பைத்தானில் நான்கு வரி எழுதுகிறாள். திரையில் சிவப்பு எழுத்தில் ‘இன்டென்டேஷன் எரர்’ என்று வருகிறது. கணினியையே கெடுத்துவிட்டோமோ என்று பயந்து கையை எடுத்துவிடுகிறாள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, “ஒன்றும் ஆகவில்லை அம்மா, ‘இஃப்’ வரியின் கடைசியில் முக்காற்புள்ளி வைத்தாயே, அதற்கு அடுத்த வரியை நான்கு இடம் தள்ளி எழுது” என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். தனியாக யூடியூப் பார்த்துப் படிப்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடக்கூடும். தமிழில் கேட்க ஓர் ஆள், தன்னைப் போலவே திணறும் சக மாணவர்கள், தினமும் முடித்தாக வேண்டிய பயிற்சி ஆகிய மூன்றும் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குப் பெரிய வரம். நல்ல முகாம் விற்பது இதைத்தான், இதற்கு மதிப்பும் உண்டு.

சிக்கல் நான்காவது மாதத்தில் தொடங்குகிறது. எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட் என்று வேகமாக ஓடிய வகுப்பின் முடிவில் ஐம்பது பேரிடமும் ஒரே மாதிரி ‘டூ டூ’ பட்டியலும் ஒரே மாதிரி ஷாப்பிங் தளமும் இருக்கும். நேர்முகத் தேர்வில் அதைக் காட்டிப் பயனில்லை. வேறொருவர் எழுதிய நிரலைக் கொடுத்து, பிழை எங்கே என்று கேட்பார்கள். அதற்கு வேண்டிய பழக்கம் மூன்று மாதத்தில் வருவதில்லை. எளிய நிரலை ஏஐ கருவிகளே எழுதித் தரும் இந்தக் காலத்தில், ஃபிரெஷருக்கென்று இருந்த சின்ன வேலைகளும் குறைகின்றன. டிசிஎஸ் நிறுவனம் 2025இல் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வேலை இருக்கும் இடங்களும் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கோவை. மிக அருகில் என்றால் திருச்சி நவல்பட்டு எல்காட் வளாகம். புதுக்கோட்டையில் முகாம் முடித்தவர் வேலை தேடும் மாதங்களில் வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் செலவை எந்த விளம்பரமும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பணம் பற்றிய பேச்சு இன்னும் கவலை தருவது. ‘வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்’ என்ற முறையை அமெரிக்காவில் பிரபலமாக்கியது 2017இல் தொடங்கிய லாம்ப்டா ஸ்கூல். சம்பளத்தில் 17 சதவீதத்தை இரண்டு ஆண்டுகளுக்கு, அதிகபட்சம் 30,000 டாலர் வரை மாணவர் தர வேண்டியிருந்தது. நிறுவனம் பின்னர் புளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்ததாக விளம்பரம் செய்தார்கள். நிறுவனத்தின் உள் கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டியும், சில தொகுதிகளில் 30 சதவீதம் வரை இறங்கியும் இருந்தது என்று அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் அறிவித்து, அந்த நிறுவனம் இனிக் கடன் தரவே தடை விதித்தது.

நம் ஊரில் இது பெரும்பாலும் ஈ.எம்.ஐ. வடிவில் வருகிறது. மாணவர் கையெழுத்திடுவது முகாமின் விண்ணப்பத்தில் மட்டுமல்ல, ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்திலும்தான். பாதியில் நின்றாலும், முகாமே மூடப்பட்டாலும், கடன் மாணவர் பெயரில் நிற்கும். பெற்றோருக்கு இதைப் பிரித்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு. அறிவொளியில் கற்றவர்கள் ஒரு பைசா தரவில்லை, கற்றுத்தந்தவர்களும் தொண்டர்கள். தோற்றால் இழப்பதற்கு அங்கே கடன் இல்லை.

ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ ஸ்கூல்ஸ் கட்டண முகாம்களுக்கு நேர் எதிரான வழியில் இருபது ஆண்டுகளாக நடக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி தருகிறார்கள். கட்டணம் கிடையாது, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. மென்பொருள் நிறுவனமே சோறுபோட்டுக் கற்றுத்தந்தும், வேலைக்குத் தயாராக இரண்டு ஆண்டு ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே இடங்கள் குறைவு, தேர்வு கடினம் என்பதும் உண்மை. எல்லாருக்குமான விடை அது ஆகாது.

ஆகவே கணினியை இப்போதுதான் தொடுகிறவர் முதல் வேலையாகக் கட்டண முகாமில் சேர வேண்டியதில்லை. ஃப்ரீகோடுகேம்ப், ஹார்வர்டின் சிஎஸ்50 ஆகியவை இலவசம். தமிழில் கணியம் அறக்கட்டளையின் மின்னூல்கள் இருக்கின்றன. இரண்டு மாதம் அதில் உழைத்து, சொந்தக்காரர் கடையின் கடன் கணக்கையோ ஊர் பால் சங்கத்தின் வரவையோ பதிவு செய்ய ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்க்கலாம். அதை யாராவது தினமும் பயன்படுத்தினால் கற்றது மறக்காது, காட்டுவதற்கும் கையில் ஒன்று இருக்கும். அதன் பிறகும் ஆர்வம் குறையாதவருக்கு, சந்தேகம் தீர்க்க ஆள் தேவைப்படுகிறவருக்கு, கடன் வாங்காமல் கட்ட முடிந்தால் முகாம் தகும். பிளேஸ்மென்ட் சதவீதத்தை நம்பிக் கடனில் சேர்வது தகாது.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களுக்கு இத்தகைய பயிற்சிகளைக் கட்டணமின்றித் தருகிறது. அமெரிக்க முகாம்கள் சில 2017இல் ஒன்றுகூடி, படிப்பு முடிந்த 180 நாளில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று ஒரே முறையில் கணக்கு வெளியிட ஒப்புக்கொண்டன. இங்கே தனியார் முகாம்களுக்கு அந்த விதியைக் கட்டாயமாக்க வேண்டும். ‘நான் முதல்வன்’ பயிற்சிகளுக்கும் அதே கணக்கை மாவட்டவாரியாக வெளியிட்டால், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படிக்கும் பிள்ளையின் தகப்பனார் கையெழுத்திடுவதற்கு முன் பார்க்க ஓர் எண்ணாவது இருக்கும்.