அச்சு முறுக்கு

கேமரன் மலையில், டிசம்பர் என்றால் மழையும் பனிமூட்டமும்தான். இங்கே கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பிரிஞ்சாங் பக்கம், வளைந்த தகரக் கூரையுள்ள ராணுவக் கொட்டகையே தேவாலயமாக நிற்கும் ஆல் சோல்ஸ் ஆலயம் ஒன்றே தனிக் கட்டுரைக்குக் காணும். ஆனால் லெம்பா பெர்த்தாம் வரை எல்லாச் சபையாரையும் ஒன்றாக்குவது அச்சு முறுக்குத்தான் என்பேன்.

பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள். சீனி கூடினால் சீக்கிரம் கருகிவிடும். பித்தளை அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும். பிறகு மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. எண்ணெயில் இறக்கி மெல்ல உலுக்கினால் பூ வடிவ முறுக்கு தானே விடுபடும். அந்த உலுக்கலைப் புத்தகம் கற்றுத்தராது, கைதான் கற்க வேண்டும். மலைக் காற்றின் ஈரத்தில் சீக்கிரம் நமுத்துவிடும் என்பதால் ஆறியதும் டின்னில் அடைத்துவிட வேண்டும்.

கீதப் பவனி வருகிறவர்களுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தட்டில் போவது இதுவே. நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இதே பலகாரம் மலாய், சீனர் வீடுகளிலிருந்தும் வரும். பண்டிகைக்குப் பண்டிகை இப்படி வீடு மாறும் பலகாரம் வேறு எது?

வீட்டில் பழைய அச்சு இருந்தால் இந்த வருடம் அடுப்பில் எண்ணெய் வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திப் பழக்குங்கள்.