முறுக்கிய இரட்டைக் கம்பி

1881 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்காகக் காப்புரிமை பெற்ற முறுக்கிய இரட்டைக் கம்பியை, மனித புத்தி கண்ட அழகிய சாதனங்களுள் ஒன்றென்றே நான் கருதுகின்றேன். ஒரு கம்பியில் சமிக்ஞை ஏறும்போது மற்றதில் இறங்க, அயலிலுள்ள மோட்டார் முதலியன எழுப்பும் இரைச்சலோ முறுக்கின் விசேஷத்தால் இரண்டின்மீதும் ஏறத்தாழச் சமமாகப் படிய, வாங்கும் முனை அவற்றின் வித்தியாசத்தை மாத்திரமே நோக்குவதால், அவ்விரைச்சல் தானே கழிந்துபோகின்றது. 1983 இல் வெளியான ஆர்எஸ்-485 நியமம் இத்தத்துவத்தைக் கொண்டே ஏறக்குறைய 1,200 மீற்றர் வரை தரவைக் கொண்டு செல்கின்றது.

ஆயினும், இரண்டு கம்பியே போதுமென்று மூன்றாவதை விட்டுவிடுவோர் பலர். முல்லைத்தீவின் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நீர்மட்டமானி ஒன்றை வைத்து, தூரத்து அலுவலகத்துக்குக் கம்பி இழுப்பதாகக் கொள்வோம். ஐப்பசியில் வன்னி வானம் இடித்து மின்னும் வேளையில் இரு முனைகளின் நிலமும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்பதில்லை. அவ்வேற்றுமை, வாங்கும் சிப் பொறுக்கவல்ல மறை 7 வோல்ற்று முதல் நேர் 12 வோல்ற்று வரையான எல்லையைக் கடந்தால், தரவு பிறழும். சிப் கருகவும் கூடும். ஆதலால், பொது ஆதாரமாக மூன்றாம் கம்பியை உடனிழுத்து, ஒரு முனையை நிலத்திலிருந்து மின்தனிமைப்படுத்தி, மின்னற் காப்பும் சேர்த்து, இரு அந்தங்களிலும் 120 ஓம் தடையிட்டு முடித்த இணைப்பையே நான் பூரணமான வேலையென்று மதிப்பேன்.