அணைந்துபோகும் எஞ்சினுக்குக் காது கொடுப்பவர்

அமெரிக்காவில் பிக்கப் வைத்திருக்கும் பலருக்குக் கம்பெனி பாகங்கள் போதுவதில்லை. எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர், பெரிய த்ராட்டில் பாடி, முரட்டு கேம்ஷாஃப்ட் எனத் தேடிப்பிடித்து மாட்டுவார்கள். நெடுஞ்சாலையில் சீறிய வி8, சிக்னலில் நின்றதும் விக்கி அணைந்துவிடும். அதன் காரணத்தைத் தேடும் மெக்கானிக்கை எவ்வளவு நேரமும் வேடிக்கை பார்க்கலாம்.

அவர் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. பானெட்டைத் திறந்து, ஐடிலில் ஓடவிட்டு, கேட்கிறார். பெரிய கேம் போட்ட எஞ்சின் தாளம் தப்பித்தான் துடிக்கும். அது அதன் சுபாவம். அந்தத் தடதடப்புக்கு அடியில் மெல்லிய 'ஸ்ஸ்' ஒளிந்திருக்கிறதா? ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்டேக் மேனிஃபோல்டின் விளிம்போடு அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார். சத்தம் கூர்மையாகும் இடத்தில் கை நிற்கிறது. சரியாக உட்காராத கேஸ்கெட். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சிறு கசிவும் அங்கே பெரிய விஷயம். கசிவு இல்லையென்றால் அடுத்தது காற்றளவு சென்சார். ஃபில்டர் எண்ணெய் அதன் சூட்டுக் கம்பியில் படிந்தால் காற்றைக் குறைத்துச் சொல்லும், பெட்ரோலும் குறைந்துபோகும். அதற்கென்றே உள்ள திரவத்தைப் பீய்ச்சுகிறார். துணி படக்கூடாது, விரல் படக்கூடாது. தானாகக் காயும்வரை பொறுத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவார். பிறகு ஏசியைப் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, வேண்டுமென்றே சுமையேற்றிப் பார்ப்பார். ஆர்பிஎம் முள் சரிந்து மீண்டால்தான் பானெட்டை மூடுவார்.