எங்கள் மதில்களும் சென்னைச் சுவர்களும்

தமிழ்நாட்டில் சாலையோரம் வெள்ளையடித்துச் சும்மா கிடக்கும் சுவரைக் கண்டு, சொந்தக்காரர் துப்புரவானவர் என்று நினைத்துவிடக் கூடாது. கிட்டப் போனால் ஒரு மூலையில் கட்சியின் பெயரும் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளும் எழுதியிருக்கும். இந்த ஆண்டு தொடங்கி அந்த ஆண்டு முடியும்வரை சுவர் எங்களுக்கு என்று அர்த்தம். தேர்தலுக்கு எவ்வளவு காலம் கிடந்தாலும், பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் சுவரைப் பிடித்து வைத்துவிடுகிறார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க அங்கே 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நகரங்களில் தேர்தல் ஆணையமும் கெடுபிடி காட்டுகிறது. நகர எல்லை தாண்டியதும் சட்டம் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறது.

விழுப்புரம் பக்கம் தேநீருக்கு நிறுத்திய இடத்தில் ஒருவர் உதயசூரியன் வரைந்துகொண்டிருந்தார். சுவரில் ஒரு ஆணி, ஆணியில் நூல், நூலின் மறுமுனையில் கரித்துண்டு. ஒரே இழுப்பில் அரைவட்டம் விழுந்தது. பிறகு பொடி தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி நடுவில் சுண்டிவிட்டார். எழுத்துக்கு நேர்கோடு தயார். முதலில் எழுத்தின் ஓரத்தைக் கட்டினார், உள்ளே நிறத்தை நிரப்பினார், கடைசியில் நிழல் கொடுத்தார். எல்லா எழுத்துக்கும் நிழல் ஒரே பக்கம் விழுந்தது. என் தேநீர் முடியுமுன் தலைவரின் பெயரில் பாதி முடிந்துவிட்டது. இந்தக் கை யாழ்ப்பாணத்தில் எங்களிடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு சொல்லப்போவதற்கு வசதியாக இருக்கும்.

சொல்ல வைத்தவன் அக்காவின் மகன். அக்கா என்றால் பெரியம்மாவின் மூத்த மகள். 1990இல் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவள், இப்போது வளசரவாக்கத்தில் இருக்கிறாள். மகன் அங்கேயே பிறந்து வளர்ந்து, ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். கண்ணகி நகருக்குத் தன் வண்டியில் என்னை ஏற்றிப் போய், மாடிக் கட்டடங்களின் உயரத்துக்குச் சுவரில் வரைந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். காட்டிவிட்டு, "உங்க ஊர்ல சுவர்னா குண்டு பட்ட சுவர்தானே மாமா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. அவன் பார்த்த யாழ்ப்பாணப் படங்களில் அப்படித்தான் இருந்திருக்கும். குண்டைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், 'உங்க ஊர்' என்றதுதான் சுட்டது. அவனுடைய அம்மா பிறந்தது அரியாலையில்.

அந்தச் சூட்டில் என் கைக்கு அகப்பட்டது சிகிரியா. அங்கே கண்ணாடிச் சுவர் என்று ஒன்று உண்டு. குன்றேறி ஓவியப் பெண்களைப் பார்த்தவர்கள், ஆயிரம் வருடங்களுக்கு முன்பே, மனதில் பட்டதைப் பாட்டாக அந்தச் சுவரில் கீறிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்தெடுத்து 1956இல் நூலாக்கினார். நியூயோர்க்கில் சுரங்க ரயிலில் பெயர் எழுதத் தொடங்கியதைப் பெரிதாகப் பேசுகிறீர்களே, எங்கள் தீவைப் பாருங்கள் என்று நான் ஒரு பிரசங்கமே வைத்தேன். அந்தப் பாடல்கள் சிங்களத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் நின்றால் சிகிரியா அவர்களுடையது. சென்னையில் நின்றால் எப்படியோ என்னுடையதாகிவிடுகிறது. மருமகனும் விடவில்லை, சித்தன்னவாசல் என்றான். அது சமணர் குகை, அவனும் சமணன் இல்லை. கணக்கு நேராகிவிட்டது என்று விட்டுவிட்டோம்.

பேசப் பேச இன்னொன்றும் தெரிந்தது, இரண்டு பேருக்கும் சாமான் ஒன்று, பெயர் வேறு. நான் படம் கீறுவதைப் பற்றிக் கதைத்தால் அவனுக்குக் கத்தி ஞாபகம் வருகிறது. அவன் படம் வரைகிறான். அவனுடைய பெயின்ட் எங்களுக்குத் தீந்தை. அவன் காம்பவுண்ட் சுவர் என்பது எங்கள் மதில். ஆனால் மதிலே எங்களிடம் அவ்வளவு பழசில்லை. நான் சின்னவனாக இருந்தபோது ஒழுங்கைக்கு ஒழுங்கை கிடுகு வேலிதான், இல்லாவிட்டால் பனையோலை வேலி. வருடத்துக்கு வருடம் புது ஓலை வைத்து அடைப்பார்கள். அதில் யார் படம் கீறுவது? வெளிநாட்டுக் காசு வந்த பிறகுதான் வேலிகள் மதிலாகின. சுவரெழுத்தில் தமிழ்நாட்டுக்காரருக்கு இருக்கும் கைப்பழக்கம் எங்களுக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மற்றக் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. ஊரடங்குச் சட்டம் கிடந்த ஊரில் இரவில் சுவருக்குப் பக்கத்தில் வாளியோடு நிற்கிற துணிவு ஆருக்கு வரும்?

இப்போது எங்கள் பக்கம். 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்து கோட்டாபய ராஜபக்ஷ பதவிக்கு வந்த கையோடு, தெற்கில் இளைஞர்கள் தூரிகையும் வாளியுமாகத் தெருவில் இறங்கினார்கள். சில வாரங்களில் நாடு முழுவதும் மதில்கள் நிறம் மாறின. யாழ்ப்பாணத்திலும் பெடியள் தொடங்கினார்கள். மாரி காலம். காலையில் பூசியது பின்னேரம் மழையில் வழியும், அடுத்த நாள் திரும்பப் பூசுவார்கள். எங்கள் சந்திக்குக் கிட்ட ஒரு மதிலில் ஐந்தாறு பேர் சேர்ந்து பனை ஒன்றைக் கீறினார்கள். மரம் நேராக வரவில்லை, ஓலை தென்னோலைபோலத் தொங்கியது. பக்கத்தில் ஒரு மாட்டு வண்டில். மாட்டுக்கு ஐந்து கால் கிடக்கிறது என்று வழியால் போன கிழவர் ஒருவர் எண்ணிச் சொன்னார். ஐந்தாவதை வாலாக்கினார்கள். கடைக்காரர் வெள்ளைத் தீந்தை ஒரு வாளி சும்மா கொடுத்தார், மற்ற நிறங்களுக்குத் தங்களுக்குள் காசு சேர்த்தார்கள். முன்வீட்டு அன்ரி பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்தார். மதில்காரர், "வடிவாக் கீறுங்கோ தம்பியவை" என்று சொல்லிவிட்டு, கேற்றடியில் கதிரை போட்டிருந்து பின்னேரம் முழுக்கப் பார்த்தார்.

சென்னையில் நான் பார்த்த எந்தச் சுவருக்கு முன்னாலும் இப்படி ஒரு கதிரை இல்லை. பெரும்பாலானவற்றை ரயில் ஜன்னலாலும் ஓட்டோவுக்குள் இருந்தும்தான் பார்த்தேன், அந்த வேகத்தில் கதிரை தெரிந்திருக்குமோ என்பது வேறு கதை.

எங்கள் மதில்களில் எல்லாம் தேன் ஒழுகியது என்று சொல்ல வரவில்லை. தெற்கில் கீறியவை பழைய மன்னர்கள், தண்டு மொனர விமானத்தில் பறக்கும் இராவணன், துவக்கோடு நிற்கும் சிப்பாய்கள். அந்தச் சிப்பாய்களை வடக்கிலிருந்து போன ஒருவர் என்ன மனதோடு பார்த்திருப்பார் என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் பெடியள் கீறியது பனை, யாழ், வண்டில், நல்லூர்க் கோபுரம். அழகுக்காக மட்டும் தெரிந்தெடுத்தவை என்று நான் நம்பவில்லை. ஒருவரும் வந்து கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதற்காகவும் தெரிந்தெடுத்தவை.

சென்னைக்கு நியாயம் செய்வதானால் அண்ணா சாலையின் சினிமாப் பேனர்களிலிருந்து தொடங்க வேண்டும். சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய துணியில் பெருக்கி, கட்டம் கட்டமாக ஒரு முகத்தை ஏற்றுகிற வித்தை அது. கன்னத்தில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ரோஸ் நிறமும் அடித்திருப்பார்கள். கிட்ட நின்றால் வெறும் திட்டுத்திட்டான தீந்தை, சாலையின் மறுகரைக்குப் போனால் எம்.ஜி.ஆர். பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரே இரவில் அச்சாகி வரும் பிளாஸ்டிக் துணியோடு ஓவியர் போட்டியிட முடியவில்லை. 2010ஐ ஒட்டிய காலத்தில் சென்னை மாநகராட்சி போஸ்டர்களை ஒழிக்கவென்று முக்கிய சாலைகளின் சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரைவித்தபோது, வேலையிழந்த பேனர் ஓவியர்களுக்குக் கொஞ்ச நாள் பிழைப்புக் கிடைத்தது. கரகாட்டமும் ஏறுதழுவலும் கோயில் கோபுரமுமாக அந்தச் சுவர்கள் எனக்குப் பாடப்புத்தகத்தை நினைவூட்டின. ஆனாலும் கை யாருடையது என்று தெரிந்து பார்த்தால், அந்தக் கரகக்காரியின் கன்னத்திலும் நீலமும் ரோஸும் தெரியும்.

கண்ணகி நகர் வேறு மாதிரி. கூவக் கரையிலும் நகரின் மற்றச் சேரிகளிலும் இருந்தவர்களைப் பெயர்த்து, 2000ஆம் ஆண்டு தொடங்கி, பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய் வைத்த இடம். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2020இன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு ஓவியர்களைக் கூட்டிவந்து அந்த மாடிச் சுவர்களை வரைவித்தது. தில்லியில் லோதி காலனியை ஓவியப் பேட்டையாக்கியதும் அவர்கள்தான். கண்ணகி நகரில் ஏ-கில் என்ற ஓவியர் வரைந்த, சிரித்துக்கொண்டு நிற்கும் இரண்டு சிறுமிகளின் முன்னால் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். எங்கள் ஊர் முழுத் தீந்தையையும் கூட்டினாலும் அந்தச் சிரிப்பு வராது. ஆனால் கீழே தண்ணீர்க் குடங்களோடு வரிசை நின்றது. நான் அந்த வரிசையைப் பார்த்ததை மருமகன் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

இதை எழுதும்போது எனக்குக் கொழும்பு கொம்பனித்தெரு நினைவுக்கு வருகிறது. மலாய், முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒழுங்கைகள். சுற்றிவர உயர்மாடிகள் எழும்ப, வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அங்கேயே பிறந்த ஓவியர் ஃபிரி ரஹ்மானும் நண்பர்களும் 2018இல் 'நாங்கள் இந்த இடத்து ஆட்கள்' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வைத்து ஒரு வேலை தொடங்கினார்கள். அந்தத் தெருவின் ஆட்களையே அந்தத் தெருவின் சுவர்களில் வரைந்தார்கள். கண்ணகி நகரில் ஆட்களைப் பெயர்த்த பிறகு படம் வந்தது, கொம்பனித்தெருவில் பெயர்த்து முடியுமுன் வந்தது. நான் எங்கள் பக்கத்துக்கு வாதாடுவதாக நினைத்தால் நினையுங்கள். முன்னால் வந்ததால் வீடுகள் நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தைப் பற்றி மட்டும் என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஏ-கில்லும் காத்ரா என்ற ஓவியரும் சேர்ந்து நிலையத்தின் வெளிச்சுவர் நிறைய முகங்களை வரைந்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களை ஒதுக்குவதற்கு எதிரான ஓவியம் அது. தொற்று உள்ளவர் இதில் யார், இல்லாதவர் யார் என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை, தெரியக் கூடாது என்பதுதான் வேலையே.

இனிச் சொல்வதுதான் என்னை இரவு நித்திரை கொள்ள விடாதது. திருச்சிப் பக்கம் ஒரு சந்தில், ஒரு மாநாட்டு விளம்பரத்தில், அந்த முகம். பெயர் சொல்லத் தேவையில்லை. அவருடைய இயக்கத்தை இந்தியா 1992லேயே தடைசெய்துவிட்டது, இருந்தும் முகம் தமிழ்நாட்டுச் சுவர்களில் வரிப்புலிச் சீருடையோடு நிற்கிறது, சிரிக்கிறது. பக்கத்தில் கட்சிக்காரர் ஒருவர் கும்பிட்டபடி, அவர் இன்னும் பெரிதாக. எங்கள் ஊரில் அந்தப் படத்தை முகநூலில் போட்டதற்கே 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. கொண்டாடுகிறவர்களும் கோபப்படுகிறவர்களும், இரண்டும் ஒன்றாக இருப்பவர்களும், அந்த முகத்தோடு வழக்கு உள்ள எல்லோரும் எங்களூரில்தான் இருக்கிறோம். சுவர் மட்டும் திருச்சியில் கிடக்கிறது, அதையும் ஒரு கட்சி பிடித்து வைத்திருக்கிறது. எங்களூர்ச் சுவரில் குண்டுத் துளையைத் தவிர ஒன்றும் இல்லையா என்று மருமகன் கேட்டதற்கு நான் அங்கே வைத்தே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: இருக்க வேண்டியவை சில உங்கள் பக்கம் வந்துவிட்டன.

தஞ்சாவூருக்கு அருகே விளாரில் 2013 நவம்பரில் முள்ளிவாய்க்கால் முற்றம் திறந்தார்கள். கடைசி யுத்தத்தின் சாவுகளைக் கல்லில் புடைத்து வைத்த சுவர். திறந்த சில நாட்களில் அதிகாரிகள் சுற்றுச்சுவரை இடித்தார்கள், சிற்பங்கள் தப்பின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதே சாவுகளுக்காக இருந்த நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள், ஏப்ரலில் புதியது எழும்பியது. அங்கே இடித்தது வேலி, இங்கே இடித்தது மூலம். தமிழ்நாட்டுக்காரர் எங்களுக்காகக் கல் செதுக்கினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. நன்றியும் உண்டு, அதோடு கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

2022இல் காலிமுகத்திடலில் 'கோட்டா கோ கம' போராட்டக் கூடாரங்கள் எழும்பியபோது கொழும்பில் கண்ட இடமெல்லாம் எழுத்தும் கேலிச்சித்திரமும். 2019இல் கோட்டாபய வந்த மகிழ்ச்சியில் மதில் பூசிய அதே தலைமுறை, அவரைப் போகச்சொல்லி எழுதியது. ஜூலை 14ஆம் திகதி பதவியை விட்டார். அதற்கு முன், மே 18ஆம் திகதி, யுத்தத்தில் செத்தவர்களின் நினைவாக அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சியும் கொடுத்தார்கள். தெற்கின் நடுத்திடலில் அது நடக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இந்தியாவில் இப்படிச் சுவரே அரசோடு சண்டை பிடித்த இடங்கள் இருக்கும். கல்கத்தாவின் தேர்தல் கேலிச்சித்திரங்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன், கொச்சியையும் சொல்கிறார்கள். அந்த ஊர்களுக்கு ரயில் பிடிக்கிற வசதி எனக்கு வாய்க்கவில்லை.

எங்கள் சந்திப் பனையின் மேல் இப்போது உயர்தர ரியூஷன் விளம்பரமும் கண்ணீர் அஞ்சலியும் மாறி மாறி ஒட்டுகிறார்கள். பெரிய ஓவியரைப் பிடித்து, பெரிய கொம்பனியின் தீந்தையில், யாழ்ப்பாணத்துக்கும் ஒரு ஓவியப் பேட்டை செய்தால் என்ன என்று யாராவது கேட்டால் நான் எதிர்க்க மாட்டேன். ஏ-கில் வந்தால் நானே பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பேன். ஆனால் யாழ், பனை, நல்லூர்க் கோபுரம் மூன்றுக்கும் ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். தட்டிவான் கிடக்கிறது, மீன் சந்தையில் சத்தம் போடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள், காலை ஆறு மணிக்கு ரியூஷனுக்குச் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வரைவதற்கு முதல் மதில்காரரையும் ஒருக்கால் கேட்க வேண்டும்.