விடுபட்ட மணிமேகலை

புகழ்பெற்ற நாவல் ஒன்று திரைக்கு வரும்போதெல்லாம், வாசகர் ஒரு பட்டியலோடுதான் அரங்கினுள் நுழைகிறார்: எது இருக்கிறது, எது இல்லை? மணிரத்னம் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வழங்கிய ‘பொன்னியின் செல்வ’னும் இக்கணக்கெடுப்புக்குத் தப்பவில்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக விரிந்த நூல் அது. அதனை ஆறு மணி நேரத்துக்குள் அடக்க முனைவோர் வெட்டத்தான் வேண்டும். வெட்டப்பட்ட இடத்தில் உயிர் இருந்ததா என்பதே நம் வினா.

காஞ்சியை அடுத்த தாமலிலிருந்து இதனை எழுதும் நமக்கு ஆதித்த கரிகாலன்மீது தனிப்பற்று உண்டு. தந்தைக்கெனக் காஞ்சியில் பொன்மாளிகை எழுப்பி, வராத தந்தைக்காகக் காத்திருந்தவன் அவன். தன் இளமைக் காதலை அவன் பார்த்திபேந்திரனிடம் சொல்லவே நாவலில் கேட்கிறோம். படத்தின் இரண்டாம் பாகமோ அதனைக் காட்சியாக்கித் தொடங்குகிறது. ஆதலால் கடம்பூர் மாளிகையில் அவனும் நந்தினியும் எதிரெதிரே நிற்கையில், பழிக்கு அடியில் கிடக்கும் காதல் நமக்குத் தெரிகிறது. சதியும் சுரங்கவழியும் ஒளிந்திருப்போருமாக நூலில் நெரிபடும் கட்டம், திரையில் இருவரின் துயரமாகச் சுருங்கி ஆழம் பெறுகிறது. இம்மாற்றத்தை நூலுக்குச் செய்த தொண்டென்றே கொள்கிறோம்.

மணிமேகலையின் செய்தி வேறு. வந்தியத்தேவனை ஒருதலையாக நேசித்து, அவனைக் காக்கக் கொலைப்பழியையும் தானே ஏற்க முன்வந்த சம்புவரையர் மகள் அவள். இத்தனை பெரிய அரசியல் கதையைக் கல்கி முடிசூட்டு விழாவோடு முடிக்கவில்லை. அப்பேதைப் பெண்ணின் உயிர் பிரிவதோடு முடித்தார். படத்தில் அவளே இல்லை. சேந்தன் அமுதனுக்குப் பதிலாக மதுராந்தகனே அரியணை ஏறியதை மறந்துவிடலாம். அது நிகழ்ச்சி மாற்றம். இவளை நீக்கியதிலோ, வெற்றிக்கதையின் அடியில் ஓடிய இழப்பே வற்றிவிட்டது.

நூலுக்கு அணுக்கமாக நின்றே ஆழம் கண்ட படமும் உண்டு. வைக்கம் முகம்மது பஷீரின் ‘மதிலுகள்’ குறுநாவலை அடூர் கோபாலகிருஷ்ணன் 1990இல் மலையாளத்தில் படமாக்கினார். சிறைமதிலுக்கு அப்பால் இருக்கும் நாராயணியை நூலில் பஷீர் காண்பதேயில்லை. படத்தில் நாமும் காண்பதில்லை. குரல் வருகிறது, மதிலுக்கு மேலே ஒரு சுள்ளி எழும்புகிறது, அவ்வளவே. அக்குரல் நாடறிந்த நடிகை கே.பி.ஏ.சி. லலிதாவுடையது என்பதால், காணாத முகத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டதென்று குறை எழுந்தது. குறை நியாயமானதே. ஆயினும் மதிலுக்கு அப்பால் கேமராவைக் கொண்டுசெல்ல அடூர் துணியவில்லை.